பத்துக்கு மூன்று போதுமா?

1935ஆம் ஆண்டு மே மாதம், பெர்முடா தீவின் ஹாமில்டன் துறைமுகத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கப்பலிலிருந்து இறங்கினார். தீவின் ஆளுநரே வந்து வரவேற்று, ஊரிலுள்ள இரண்டு பெரிய ஓட்டல்களின் பெயரைச் சொன்னார். ஐன்ஸ்டைனுக்கு அந்தப் பகட்டு ஒத்துவரவில்லை. தெருவில் நடந்து போகும்போது கண்ணில் பட்ட ஒரு சின்ன விடுதியில் குடும்பத்தோடு தங்கிக்கொண்டார்.

அவர் வந்தது கடற்கரையில் காற்று வாங்க அல்ல. அப்போது அமெரிக்கா வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பிரின்ஸ்டனில் வேலை இருந்தது. நோபல் பரிசு இருந்தது. உலகத்தில் அவர் முகம் தெரியாத ஊர் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமை மட்டும் இல்லை. வருகையாளராக உள்ளே வந்தவர் அந்த உரிமை வேண்டுமென்றால் நாட்டைவிட்டு வெளியே போய், அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மனுப் போட்டு, மறுபடி உள்ளே வரவேண்டும் என்பது அன்றைய சட்டம். சார்பியல் கோட்பாட்டுக்கு விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. பக்கத்துத் தீவுக்குப் போனார், மனுவைக் கொடுத்தார், திரும்பினார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அமெரிக்காவை விட்டு வெளியே போகவே இல்லை.

இன்று அமெரிக்காவில் 'ஐன்ஸ்டைன் விசா' என்று பேச்சுவழக்கில் ஒன்று உண்டு. சட்டத்தில் அந்தப் பெயர் கிடையாது. இபி-1ஏ என்பது அதன் முறையான பெயர். அசாதாரணத் திறமை உள்ளவர்கள் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, பெறும் வழி. 1990இல் மூத்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. அறிவியல், கலை, கல்வி, வணிகம், விளையாட்டு என ஐந்து துறைகளுக்கும் பொது. தன் துறையின் உச்சிக்கு ஏறிவிட்ட மிகச் சிலரில் ஒருவர் என்று நிரூபிப்பவருக்கு இது கிடைக்கும்.

ஐன்ஸ்டைன் பெயர் இருந்தாலும் வருகிறவர்கள் எல்லாரும் ஐன்ஸ்டைன்கள் இல்லை. மெலனியா டிரம்ப், அப்போது மாடலாக இருந்த மெலனியா க்னாஸ், 2001இல் கிரீன் கார்டு பெற்றது இந்த வழியில்தான் என்று 2018இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். அதற்கும் முன்பு, 1996இல், ஸ்டூ கிரிம்சன் என்ற கனடா ஐஸ் ஹாக்கி வீரருக்கு ஆதரவாக சிகாகோ நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அவர் கோல் போட்டுப் பெயர் வாங்கியவர் அல்ல. எதிரணியை மிரட்டவும், தேவைப்பட்டால் கையை ஓங்கவும் அணியில் வைத்திருந்த ஆள். அந்த வேலையிலும் உச்சி என்று ஒன்று உண்டு, அதில் அவர் இருக்கிறார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

விஞ்ஞானிகளுக்கு இந்த வழியில் பெரிய கவர்ச்சி ஒன்று இருக்கிறது. வேலை கொடுப்பவர் தேவையில்லை. வழக்கமான கிரீன் கார்டுக்கு நிறுவனம்தான் மனுப் போடும். அதற்குமுன் 'இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை' என்று விளம்பரம் செய்து நிரூபிக்க வேண்டும். நடுவில் வேலை மாறினால் பெரும்பாலும் முதலிலிருந்து. இபி-1ஏ-வில் மனுதாரரும் அவரே, சாட்சியும் அவரே. முதுமுனைவர் ஆய்வாளராக, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், பேராசிரியரின் மானியம் முடிந்தால் தன் விசாவும் முடியும் என்ற நிலையில் இருக்கும் ஒருவருக்கு, தன் பெயரில் தானே ஐ-140 என்ற மனுப் படிவத்தை நிரப்புவது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எப்படி நிரூபிப்பது? நோபல் மாதிரி உலகறிந்த ஒரே ஒரு பெரும் பரிசு இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்கு, அதாவது எல்லாருக்கும், பத்து அளவுகோல்கள். அவற்றில் மூன்றைத் தொட வேண்டும். தேசிய அளவிலோ உலக அளவிலோ மதிக்கப்படும் பரிசு, சாதனை இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தில் உறுப்பினர் இடம், ஊடகங்களில் தன்னைப் பற்றி வந்த எழுத்து, பிறர் வேலைக்கு நடுவராக இருந்தது, துறைக்குச் செய்த முக்கியமான சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பேர்பெற்ற அமைப்பில் முக்கியப் பொறுப்பு, மற்றவர்களைவிடத் தூக்கலான சம்பளம் ஆகியவை எட்டு. மீதி இரண்டும் ஓவியக் கண்காட்சி, மேடைக் கலையில் வசூல் என்று விஞ்ஞானிக்கு ஆகாதவை.

பத்துக்கு மூன்று. பள்ளிக்கூடத்தில் இதற்கு ஃபெயில் போடுவார்கள். பார்க்க எளிதாகத்தான் தெரிகிறது. அதிலும் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும் எந்த விஞ்ஞானிக்கும் இரண்டு மதிப்பெண் தானாக வந்துவிடும். கட்டுரை எழுதாத விஞ்ஞானி கிடையாது. மற்றவர்களின் கட்டுரையை வெளியிடும்முன் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் ஆய்விதழ்கள் எல்லாருக்கும் தருகின்றன. அது 'நடுவர்' கணக்கில் சேரும். ஆக, சண்டையெல்லாம் மூன்றாவதில். அநேகமாக அது 'துறைக்கு முக்கியமான சொந்தப் பங்களிப்பு' என்பதாகவே இருக்கும்.

அந்த மூன்றாவதில் விழுந்த ஒருவரின் பெயரைத்தான் இன்றைக்கும் எல்லா வக்கீல்களும் உச்சரிக்கிறார்கள்: கசாரியன். ஆர்மீனியாவின் யெரெவான் அரசுப் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஈர்ப்பு விசைக் கோட்பாட்டில் நெடுநாளாகத் தீராதிருந்த ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்டதாக அவர் மனு சொன்னது. கலிஃபோர்னியாவில் க்ளெண்டேல் சமுதாயக் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்து வந்தவர், 2003ஆம் ஆண்டின் கடைசி நாளில் மனுப் போட்டார். பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர்களில் கால்டெக்கின் கிப் தோர்ன் ஒருவர். பின்னாளில், 2017இல், ஈர்ப்பு அலைகளுக்காக நோபல் வாங்கிய அதே தோர்ன். மனு நிராகரிக்கப்பட்டது. வழக்கு ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2010 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு விசித்திரமானது. கட்டுரை, நடுவர் பணி என்ற இரண்டு அளவுகோல்களிலும் குடியேற்றத் துறை சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைத் தானாகச் சேர்த்தது தவறு என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்த இரண்டிலும் அவருக்கு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் மூன்றாவது இல்லை. சக இயற்பியலாளர்கள் மனம் திறந்து பாராட்டிய கடிதங்கள் மட்டும் 'முக்கியப் பங்களிப்பு'க்குச் சான்றாகாது. கொள்கையில் வென்றார், வழக்கில் தோற்றார். தனியாகக் கருத்து எழுதிய ஒரு நீதிபதி, இவர் இதற்கு ஒரு படி கீழே உள்ள பிரிவில் மனுப் போட்டிருந்தால் நன்றாகத் தேறியிருப்பார் போலிருக்கிறதே என்றும் ஆதங்கப்பட்டார்.

தோற்றவரின் வழக்கிலிருந்துதான் இன்றைய நடைமுறை வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து குடியேற்றத் துறை மனுவை இரண்டு சுற்றாகப் பார்க்கிறது. முதல் சுற்று எண்ணிக்கை: மூன்று இருக்கிறதா? இரண்டாவது சுற்று மொத்தப் பார்வை: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இவர் உண்மையிலேயே உச்சியில் இருப்பவரா? மூன்றுக்குப் பதில் ஐந்து அளவுகோல்களைத் தொட்டவர்களும் இந்த இரண்டாவது சுற்றில் கவிழ்வது உண்டு. முதல் சுற்றுக்கு விடைத்தாள் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. மனுதாரர்களின் புலம்பலில் பாதி இதைப் பற்றித்தான், அந்தப் புலம்பலில் நியாயமும் இருக்கிறது.

முடிவு செய்யும் அதிகாரி விஞ்ஞானி அல்ல என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அவர் மேசையில் காலையில் ஒரு புரத வேதியியலாளர், மதியம் ஒரு டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர். ஐந்நூறு, அறுநூறு பக்கத்துக்குக் கோப்பு வரும். அதில் அவரால் தானே படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது ஆய்வுக் கட்டுரை அல்ல, கடிதங்கள்தான். ஆகவே நல்ல கடிதத்துக்கும் வெற்றுக் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர் பாதி கிணறு தாண்டியவர்.

இரண்டு கடிதங்களை மனதில் எழுதிப் பார்க்கலாம். முதலாவது மனுதாரரின் பேராசிரியருடையது: 'இவர் என் ஆய்வகத்தில் ஐந்து ஆண்டு பணிபுரிந்தார். அபார அறிவு, கடும் உழைப்பு. எனக்குத் தெரிந்த ஆய்வாளர்களில் தலைசிறந்தவர்.' கேட்க நன்றாக இருக்கிறது. ஊரில் தலைமையாசிரியர் எழுதித் தரும் நன்னடத்தைச் சான்றிதழும் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது வேறொரு நாட்டிலிருந்து: 'இவரை நான் நேரில் பார்த்ததில்லை. இவர் வெளியிட்ட பிரித்தெடுக்கும் முறையை எங்கள் ஆய்வகம் எடுத்துக்கொண்டது. முன்பு மூன்று நாள் பிடித்த சோதனை இப்போது அரை நாளில் முடிகிறது. எங்கள் அடுத்த இரண்டு கட்டுரைகளும் அந்த முறையின்மேல் நிற்கின்றன.' பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. அதிகாரி பென்சிலால் கோடு போடுவது இதில்தான். பின்னால் அந்த இரண்டு கட்டுரைகளும், மேற்கோள் காட்டிய வரி மஞ்சள் மையால் தீட்டப்பட்டு, இணைப்பாக இருக்கும்.

மேற்கோள் எண்ணிக்கையும் அப்படியே. கூகுள் ஸ்காலரில் எண்ணூறு மேற்கோள் என்பது புற்றுநோய் ஆய்வில் ஓர் எண், தூய கணிதத்தில் வேறோர் எண். கணிதத்தில் ஐம்பது பேர் மேற்கோள் காட்டினாலே பெரிய விஷயம். துறையில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள், அதே ஆண்டில் வந்த கட்டுரைகளில் இது எத்தனையாவது இடம் என்று ஒப்பிட்டுக் காட்டாவிட்டால் அந்த எண் அதிகாரிக்கு வெறும் எண்தான். போதாது என்று பட்டால் 'இன்னும் சான்று கொடு' என்று ஒரு கடிதம் வரும். ஆர்எஃப்இ என்று அதைச் சொல்வார்கள்; எந்த வீட்டில் வந்தாலும் அன்று இரவு சாப்பாடு இறங்காது.

ஆனால் அறிவியலில் அசாதாரணம் என்பது எப்போதும் கடிதமாகவும் எண்ணாகவும் அந்தந்த நேரத்தில் வந்து நிற்பதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே வெண்குறு விண்மீன்களின் எடைக்கு ஒரு மேல் எல்லை உண்டு என்று கணக்குப் போட்டார். 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் அதை எடுத்துவைத்தபோது, அன்றைக்கு அத்துறையில் பெரிய பெயரான ஆர்தர் எடிங்டன் எழுந்து அந்த முடிவைக் கேலி செய்தார். அந்த வாரம் துறை நிபுணர் ஒருவரிடம் 'முக்கியப் பங்களிப்பா?' என்று எழுதிக் கேட்டிருந்தால் எடிங்டனிடம்தான் கேட்டிருப்பார்கள். அந்த எல்லைக்கு இன்று சந்திரசேகர் எல்லை என்று பெயர். 1983இல் அவருக்கு நோபல் வந்தது.

உயிர்வேதியியலாளர் கேட்டலின் கரிக்கோவின் கதை இன்னும் அண்மையானது. 1985இல் ஹங்கேரியிலிருந்து கிளம்பியபோது, கார் விற்ற பணம் சுமார் 900 பவுண்டை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுபோனவர். எம்ஆர்என்ஏ மருந்தாகும் என்று நம்பிக் கேட்ட மானியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். அதே நேரத்தில் கணவர் விசா சிக்கலில் ஹங்கேரியில் மாட்டியிருந்தார். பரிசு இல்லை, பத்திரிகையில் பெயர் இல்லை, சம்பளமும் பெரிதில்லை. 2005இல் ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து செய்த கண்டுபிடிப்பை நேச்சர் இதழ் திருப்பியது. இம்யூனிட்டி இதழ் வெளியிட்டது. அதன்மேல்தான் கோவிட் தடுப்பூசிகள் நின்றன, 2023இல் நோபலும் வந்தது. 1995ஆம் ஆண்டுக் கரிக்கோவின் பெயரில் ஒரு கோப்பு தயாரிக்கச் சொன்னால் எந்த வக்கீலும் தயங்கியிருப்பார்.

மறுபக்கமும் இருக்கிறது. உண்மையான சாதனை காகிதத்தில் ஏறாமல் போவது போலவே, காகிதம் மட்டும் சாதனையில்லாமல் ஏறவும் முடியும். கட்டணம் கட்டினால் வரும் விருது, பணம் கொடுத்துப் போட வைத்த பேட்டி, சந்தா செலுத்தினால் 'ஃபெல்லோ' ஆக்கும் சங்கம், வார இறுதி ஹேக்கத்தானில் நடுவர் நாற்காலி என்று ஒரு தனிச் சந்தையே உருவாகியிருக்கிறது. ஆய்வகத்தைவிட மென்பொருள் உலகத்தில் இது அதிகம். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் பத்து, பதினைந்து ஆண்டு ஓட்டியவர்கள் 'ஆறு மாதத்தில் சுயவிவரத்தை வளர்த்துத் தருகிறோம்' என்ற விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன். ஏன் கட்டுகிறார்கள் என்பதை இன்னும் சில பத்திகளில் பார்க்கலாம். அதிகாரிகளும் இதற்குள் விவரமாகிவிட்டார்கள். மனுப் போடுவதற்கு முந்தைய எட்டு மாதத்தில் ஐந்து விருதும் மூன்று பேட்டியும் வந்திருந்தால், அந்தத் தேதிகளே சந்தேகத்தைக் கிளப்புகின்றன.

பணம் என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பர் 19 அன்று டொனால்ட் டிரம்ப் 'கோல்டு கார்டு' ஆணையில் கையெழுத்திட்டார். அரசுக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தால் அதையே அசாதாரணத் திறமைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆணை சொல்கிறது. முப்பது ஆண்டாக நீதிமன்றங்கள் முடியைப் பிளந்து விவாதித்த ஒரு சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் கிடைத்தது. அதே நாளில், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பிலும் அவர் கையெழுத்திட்டார்.

சாதாரண வழியில் போகிறவருக்குச் செலவு அவ்வளவு இல்லை. 2024 ஏப்ரல் கட்டண மாற்றத்தின்படி ஐ-140 மனுவுக்கு 715 டாலர், தனக்குத் தானே மனுப் போடுபவருக்குக் கூடுதலாக 300. வக்கீல் பீஸ்தான் பெரியது. அவசரம் என்றால் தனிக் கட்டணம் (2025இல் 2,805 டாலர்) கட்டினால் பதினைந்து வேலை நாளில் ஏதாவது ஒரு பதில் உறுதி. அது ஒப்புதலாகவும் இருக்கலாம், ஆர்எஃப்இ-யாகவும் இருக்கலாம். இதன் தம்பி முறையாக, 'தேச நலன் விலக்கு' என்று இரண்டாம் பிரிவில் ஒரு வழி உண்டு. கசாரியனைப் பார்த்து நீதிபதி ஆதங்கப்பட்டது இந்தப் பிரிவைச் சொல்லித்தான். விமானவியல் ஆய்வாளர் ஒருவரின் மனுவில் 2016 டிசம்பரில் வந்த தனசார் முடிவுக்குப் பிறகு அது விஞ்ஞானிகளுக்குச் சற்று இளகியது. உச்சியில் இருக்க வேண்டாம். செய்கிற வேலை அமெரிக்காவுக்கு முக்கியம், அதைச் செய்ய இவரால் முடியும் என்பதைத்தான் முதன்மையாகக் காட்ட வேண்டும். பலர் இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு வைக்கிறார்கள்.

ஒப்புதல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொரியாவிலோ கென்யாவிலோ பிறந்தவர் அடுத்த படிவத்தைப் போட்டுவிட்டு கார்டுக்குக் காத்திருக்கலாம். இந்தியாவில் பிறந்தவருக்கு இங்கேதான் வரிசை ஆரம்பிக்கிறது.

வேலை வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. அதில் இந்த முதல் பிரிவுக்குச் சுமார் 40,000. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்குக்குள்தான். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்குமேல் இல்லை. சுமார் நான்கு லட்சம் பேர் உள்ள ஐஸ்லாந்துக்கும் அதே ஏழு, நூற்று நாற்பது கோடி இந்தியாவுக்கும் அதே ஏழு. மற்றவர்கள் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சினால் இந்தியர்களுக்கு வரும். இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கான காத்திருப்பு 151 ஆண்டு என்று 2018இல் கேட்டோ என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சிரிப்பதற்குச் சொன்ன எண் இல்லை. 2025 முழுவதும் அந்த வரிசை 2012, 2013ஆம் ஆண்டு மனுக்களில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகிவிட்டால் பெற்றோர் வரிசையிலிருந்து பிள்ளை கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. ஏழு வயதில் டெக்சாஸுக்கு வந்த பெண், கல்லூரியில் திடீரென்று வெளிநாட்டு மாணவி ஆகிவிடுவாள். பணம் கட்டி விருது வாங்குபவர்களின் வீட்டில் பெரும்பாலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது.

முதல் பிரிவு அவ்வளவு மோசமில்லை, ஆனால் நம்ப முடியாதது. மாதாமாதம் வெளிவரும் விசா புல்லட்டினில் 2023 ஜூலையில் இந்தியாவின் முதல் பிரிவுத் தேதி 2022 பிப்ரவரி 1; அதற்கு முன் மனுப் போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. அடுத்த மாதம் அது 2012 ஜனவரி 1. முப்பது நாளில் பத்து ஆண்டு பின்னால் போய்விட்டது. பிறகு மெல்ல ஏறி, 2025இல் பெரும்பாலும் பழைய 2022 பிப்ரவரியிலேயே வந்து நின்றது.

பிறந்த இடத்தை வைத்து அளப்பது இந்தியர்களுக்குப் புதிதல்ல. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' ஆகமாட்டார்கள், ஆகவே குடியுரிமை இல்லை என்றது. சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த நிலைதான். 1946இல் சட்டம் மாறி ஆண்டுக்கு நூறு இந்தியர் என்று கதவு கொஞ்சம் திறந்தது. அவரும் மனைவி லலிதாவும் 1953இல்தான் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள்.

இன்றைய விதியில் நாடு என்பது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த இடம். இந்தியாவில் பிறந்து கனடாக் குடிமகன் ஆனவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு சலுகை உண்டு: கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் இருவரும் போகலாம். மதுரையில் பிறந்த உயிரியலாளர் அறுநூறு பக்கக் கோப்பும் எட்டுக் கடிதங்களும் கொடுத்து ஒப்புதல் வாங்கி, புல்லட்டினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய ஆய்வகத் தோழரின் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருப்பார். அல்லது அப்பாவுக்கு ஈப்போவில் வேலை இருந்ததால் மலேசியாவில் பிறந்தவராக இருப்பார். 2025இல் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் முதல் பிரிவில் வரிசையே இல்லை. அந்தத் தம்பதி அடுத்த படிவத்தோடு கூடுதலாக இணைக்க வேண்டியவை இரண்டு: கல்யாணச் சான்றிதழ், அந்தப் பெண்ணின் ஒரு பக்கப் பிறப்புச் சான்றிதழ்.